சுவிஸில எவடம்?

கிளிநொச்சியில் யாரிடமாவது “உங்கட மாமா எங்க இருக்கிறார்?” என்று கேட்டால் “சுவிஸ்” என்று பதில் வரும். அத்தோடு கதை முடிந்துவிடும். சுவிஸில எவடம் என்று நாங்கள் கேட்பதில்லை. ஆனால் பரந்தன்காரரைப் பார்த்து “நீங்கள் கிளிநொச்சிதானே” என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்.

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா 2010இல் போனவர். பதினைந்து வருஷமாக அவருக்குப் பெயர் ‘சுவிஸ் சித்தப்பா’. போன மாதம் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது சும்மா கேட்டோம், “சித்தப்பா, நீங்கள் இருக்கிற ஊருக்கு என்ன பேர்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதை ஒருத்தரும் கேக்கிறேல்ல” என்று சொல்லிப் போனை யன்னல் பக்கம் திருப்பினார்.

கீழே லெமான் ஏரி. அதன் கரையிலிருந்து மேலே மலை வரைக்கும் படிப்படியாகக் கல்மதில், ஒவ்வொரு படியிலும் முந்திரிகைத் தோட்டம். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு வளர்க்கிற மாதிரி இல்லை, சரிவில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். லோசானுக்கும் வெவேக்கும் இடையில் இருக்கிற இந்தப் பகுதிக்கு லாவோ என்று பெயர். மத்திய காலத்தில் துறவிகள் கட்டத் தொடங்கிய மதில்கள் இவை. 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெவேயில்தான் நெஸ்லேயின் தலைமையகம் இருக்கிறது. எங்கட வீட்டு நெஸ்டமோல்ட் டின்னில் இருக்கிற அதே பெயர். சார்லி சப்ளின் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் வெவேக்குப் பக்கத்தில்தான்.

“சொர்க்கம் மாதிரி இருக்கே!” என்றோம். “ஓம், பாக்க வடிவுதான்” என்றார்.

அந்த ‘பாக்க’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜெனீவாவின் ஐ.நா. அலுவலகங்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் வேலைக்கு வருகிற கனபேர் அந்த ஏரிக்கரை ஊர்களில் வீடு எடுத்து இருக்கிறார்கள். அவர்களை ‘எக்ஸ்பாட்’ என்பார்கள். நகரத்துச் சத்தம் வேண்டாம் என்று அவர்கள் தேடிப் போகிற அமைதி அது. எங்கட சித்தப்பாவும் பிற நாட்டிலிருந்து போய் அதே அமைதிக்குள்தான் இருக்கிறார். ஆனால் அவரை ஒருத்தரும் எக்ஸ்பாட் என்று சொல்வதில்லை. அவர் அகதி.

வித்தியாசம் பேரில் மட்டும் இல்லை. சுவிஸில் தஞ்சம் கேட்கிறவர் எங்கே இருப்பது என்று தானாகத் தெரிவு செய்ய ஏலாது. 26 மாநிலங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். எந்த மாநிலமோ, அதன் பாஷையைத்தான் படிக்க வேணும். சித்தப்பாவுக்கு விழுந்தது வோ மாநிலம், பிரெஞ்சு. அவருக்கு முன்னமே போன அக்காவுக்கு விழுந்தது பேர்ண், ஜெர்மன். இன்றைக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சந்தித்தால் கதைக்கிறதுக்கு மிஞ்சியிருப்பது தமிழ்தான்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடக்கூடாது. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கும் முறை நாள் இருக்கிறது. சித்தப்பா ஓர் உணவகக் குசினியில் வேலை. “அந்தத் தோட்டத்து வைனைத்தான் இவ்வளவு காலமும் மேசைக்கு அனுப்புறன். ஒருநாளும் வாயில வச்சுப் பாக்கேல்ல” என்றார். வெவேயில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு ஒருக்கால் வைன் தோட்டக்காரர் திருவிழா நடக்கும். 1999க்குப் பிறகு 2019இல்தான் நடந்தது. அந்த நாட்களிலும் அவர் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் வைகாசியில் வாற வற்றாப்பளைப் பொங்கலைப் பார்த்தும் பதினைந்து வருஷம்.

“குண்டு விழாத இடத்தில நிம்மதியா இருக்கினம், இதிலென்ன குறை?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. “முதல் வருஷம் அந்த அமைதிதான் என்னைக் காப்பாத்தினது” என்று சித்தப்பாவே சொன்னார். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கைப் பாருங்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவரைச் செட்டிகுளம் மெனிக் பாமுக்குள் விட்டார்கள். அதுவும் அவர் தெரிவு செய்த இடம் இல்லை. அங்கிருந்து வெளியே வந்து, காணி விற்று, நாடு தாண்டிப் போனால், போன இடத்திலும் இருக்கிற ஊரை வேறு ஆரோதான் தீர்மானித்தார்கள். முகாமையும் சுவிஸையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அமைதி நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முதல், அதை ஆர் தெரிஞ்செடுத்தது என்று கேட்க வேணும் என்கிறோம்.

இதை இப்ப எழுதுவதற்குக் காரணம் இருக்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கட வயதுக்காரர் கனபேர் போய்விட்டார்கள். இன்னும் சிலர் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போகாதேங்கோ என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்களில் இரண்டு பேரின் கம்பஸ் செலவே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் போகிறவர்கள் ‘ஐரோப்பா’வுக்குப் போகவில்லை. ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு தெருவுக்குத்தான் போகிறார்கள். அந்தத் தெரு பின்னேரம் ஏழு மணிக்கு எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவரிடம் முதலே கேட்டுவிட்டுப் போகலாம்.

போகாதவர்களுக்கும் வேலை இருக்கு. அடுத்த முறை கோல் வரும்போது “எப்ப வாறியள்?”, “காசு போட்டாச்சோ?” இரண்டுக்கும் முதல் “சுவிஸில எவடம்?” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆர், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வியள் என்று கேளுங்கள். அவரும் ஓர் ஊரில்தான் இருக்கிறார். அந்த ஊரை நாங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் அவர் அங்கே முழுத் தனியாள் இல்லை.

அன்று கதைத்துக்கொண்டிருக்கும்போது எங்கட ஒழுங்கையால் பாண் ஓட்டோ போனது. எல்லா ஓட்டோவும் போடுகிற அதே மெட்டு. அது பீத்தோவனுடையது என்று எங்களுக்குப் பின்னர்தான் தெரியும். சித்தப்பா கதையை நிற்பாட்டினார்.

“பிள்ளை, போனை ஒருக்கா வெளிய பிடி. அந்தச் சத்தத்தைக் கேப்பம்.”

ஓட்டோ சந்தி திரும்பும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றோம்.