வெறுஞ்சோறும் ஒரு ருசிதான்

மெஸ்ல சாம்பார் ஊத்துறதுக்கு முன்னாடியே ஒருத்தன் ரெண்டு கவளம் வெறுஞ்சோறு எடுத்து வாயில போட்டுக்கிறான்னு வைங்க. "என்னடா, குழம்புக்குக் காசு இல்லையா?"ன்னு உடனே ஒரு குரல் வரும். அந்த ஒருத்தன் நான்தான். எனக்குப் பழகிடுச்சு.

ருசி ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தருக்குச் சூடான சோத்துல உப்பும் நல்லெண்ணெயும் போதும். இன்னொருத்தருக்கு ராத்திரி தண்ணி ஊத்தி வெச்ச சோறும் சின்ன வெங்காயமும். சின்ன வெங்காயம் விளையுற பெரம்பலூர்ல இதைச் சொல்லித் தரணுமா என்ன?

புழுங்கல் அரிசிக்கு நெல்லை உமியோட ஊறவெச்சு, ஆவியில வேகவெச்சு, காயவெச்ச பிறகுதான் அரைப்பாங்க. அப்போ பி வைட்டமின்ல ஒரு பகுதி அரிசிக்குள்ள இறங்கிடுது. சோறும் குழையாம நிக்கும். அரிசியில அமைலோஸ் கூடுனா சோறு உதிரியா வரும், குறைஞ்சா ஒட்டும். நாம முகம் சுளிக்கிற ஒட்டுற சோறுதான் ஜப்பான்ல நல்ல சோறு. இதுல எது சரின்னு யார் சொல்றது?

ஆனா நம்ம கிண்டல் ருசியோட நிக்கிறதில்ல. போன மாசம் வகுப்புல ஒரு நண்பன் டிபன் பாக்ஸைத் திறந்தான். "ரேஷன் அரிசி வாசனைடா"ன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். மறுநாள்லேர்ந்து அவன் பாக்ஸ் கொண்டு வர்றதில்ல. என்னைக் கிண்டல் பண்ணப்போ அது என் பழக்கத்தைப் பத்தி. அவனைப் பண்ணது அவன் வீட்டு வருமானத்தைப் பத்தி.

2011 ஜூன்லேர்ந்து அரிசி கார்டுக்கு ரேஷன் கடையில அரிசி இலவசம். அந்தச் சோத்துல வளர்ந்து, படிச்சு, நம்ம பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க எத்தனையோ பேர்.

உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. கொள்ளிடக் கரையை விட்டா அரியலூர், பெரம்பலூர் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் காடுதான். கம்பும் சோளமும் வரகும்தான் அன்னாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு பொங்கல், தீபாவளிக்கு. அன்னிக்கு அரிசிச் சோறே கௌரவம். இன்னிக்கு வெள்ளைப் பொன்னி கௌரவம். அப்போ ஏழைச் சோறுன்னு ஒதுக்கின வரகை இப்போ கூட விலை கொடுத்து வாங்குறோம். இப்படி மாறிக்கிட்டே இருக்கிற ஒண்ணை வெச்சா ஆளை எடை போடுறது?

நாளைக்கு மெஸ்ல குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு கவளம் வெறுஞ்சோறு சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா பரவாயில்ல. பக்கத்துல யாராவது பாக்ஸைத் திறக்கத் தயங்கினா மட்டும், "எனக்கும் ஒரு கவளம் கொடுடா"ன்னு கேளுங்க.

நான் என் நண்பன்கிட்ட முதல்ல மன்னிப்புக் கேக்கணும். அப்புறம்தான் கவளம்.