எண் இல்லாதவர்கள்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடக்கும் காலம் 2021. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. நாவலை மறுபடி கையில் எடுக்க இது போதும்.

ஜீவா என்றொரு சர்வாதிகாரி. ஆளுக்கொரு எண். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். முன்பு வாசித்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய்தான் மனசு முழுக்க இருந்தது. புத்தகம் படிக்கும், வாயாடும். இப்போது அந்த நாயின் மேல் கொஞ்சம் கோபமே வருகிறது. அதன் குறும்பில் சிபியை மறந்துவிடுகிறோம். சுஜாதா தெரிந்தேதான் செய்திருப்பார். வாரப் பத்திரிகை வாசகனை அடுத்த வாரத்துக்கு இழுத்துப்போக வேண்டுமே.

நிஜமான 2021இல் இங்கே மலேசியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைக்குள் நுழையவும் கைப்பேசியில் மைசெஜாத்ரா என்ற கொரோனாக் காலச் செயலியால் ஸ்கேன் பண்ண வேண்டியிருந்தது. ஜனவரி முதல் ஆகஸ்டு 1 வரை நாட்டில் அவசரகாலம். நாடாளுமன்றம் ஜூலைக் கடைசியில்தான் கூடியது. சுஜாதா வாக்கு பலித்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து வாசிக்கும்போது நாவலின் பயம் தலைகீழாகத் தெரிகிறது. ஜீவாவின் நாட்டில் எண்ணைக் கண்டு பயம்; நம்மவர்களில் பலருக்கு எண் கிடைக்காதே என்று பயம்.

மலாயாவில் அடையாள அட்டை பிறந்ததே 1948 அவசரகாலத்தில்தான். கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஊர்மக்களிடமிருந்து பிரித்தறிய, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் படமும் கட்டைவிரல் ரேகையும் எடுத்தார்கள். வேவு பார்க்க வந்த அட்டை! இன்று ஐசி என்கிற அந்த அட்டை இல்லாவிட்டால் பள்ளிச் சேர்க்கை இழுபறி, வங்கிக் கணக்கு இழுபறி, அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியிலேயே ஆயுளைக் கழித்த தோட்டத்துப் பாட்டிகளை நமக்கெல்லாம் தெரியும்.

நிலா கேட்டு நின்ற அனுமதியை இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளை தாராளமாகப் பிறக்கலாம். ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாமல் விட்டு, தாய்க்கும் குடியுரிமை இல்லாமல் போனால், தகப்பன் குடிமகனுக்கான நீல ஐசிக்காரராக இருந்தும் பயனில்லை. சட்டப்படி அந்தப் பிள்ளை தாயின் கணக்கில்தான் சேரும். 1982 மார்ச்சிலிருந்து பதிவு கட்டாயம். விவரம் தெரியாமல் விட்டவர்களின் பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள்.

ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம் என்று பிற்பாடு தெரியவரும் (இன்னும் வாசிக்காதவர்கள் மன்னிக்கவும்). பதிவிலாகா கவுன்டரில் இருப்பவரும் வில்லன் இல்லை. பத்திரம் கேட்பார், இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுவார். யார்மேல் கோபப்படுவது?

எண் கிடைக்காதவனின் கதை சுஜாதாவிடம் இல்லை. பெங்களூரில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. நம் எழுத்தாளர்கள் யாராவது எழுதி அனுப்புங்கள். அறிவியல் கதையாகவே இருக்கட்டும். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நாய் வேண்டாம்.