உடைத்தால் ஆறு மாசம், திருடினால் மூணு வருஷம்

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. பொட்டி தட்டுற ஆசாமி. போன மாசம் எங்க தெரு இஸ்திரிக்காரரோட போலீஸ் ஸ்டேஷன் படியேறினதுல வந்த வயித்தெரிச்சல்தான் இந்தப் பதிவு.

கடனுக்குத் தேய்ச்சுத் தர மாட்டேன்னு சொன்னாராம். அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேர் குடிச்சுட்டு வந்து வண்டியைக் கவிழ்த்து, பலகையை உடைச்சு, பித்தளைப் பெட்டி மேல கல்லைப் போட்டு நசுக்கிட்டாங்க. துணி மூட்டை சாக்கடையில. மொத்த நஷ்டம் 14,000 ரூபாய். செஞ்சது யாருன்னு தெருவுக்கே தெரியும். ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "இது நாங்களா விசாரிக்கிற கேஸ் இல்லை சார், மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும்." கையில ஒரு ரசீது, அவ்வளவுதான்.

தட்டிக் கழிக்கிறாங்கன்னு நினைச்சு வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படிச்சேன். அட, அவங்க பொய் சொல்லலை!

பழைய இந்திய தண்டனைச் சட்டம் 427-வது பிரிவுல 50 ரூபாய் சேதத்துக்கே 2 வருஷம் வரை ஜெயில். 1860-ல எழுதின 50 ரூபாய். மாத்த வேண்டியதுதான், யாரும் வேண்டாங்கலை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 324-வது பிரிவுல அதை 20,000 ஆக்கிடுச்சு. அதுக்குக் கீழ இருக்கற தனியார் சொத்துன்னா அதிகபட்சம் 6 மாசம். 1 லட்சமும் அதுக்கு மேலயும்னா 5 வருஷம் வரை, போலீஸ் தானாவே விசாரிக்கலாம். அதே கல் பக்கத்துல நிக்கிற சொகுசுக் கார் ஹெட்லைட்டுல பட்டிருந்தா ஜீப் வந்திருக்கும். கார்க்காரர் இன்ஷூரன்ஸ் வாங்கிட்டு மறுநாள் ஆபீஸ் போவார். இவர் மறுநாள் எங்கே போவார்?

இன்னொரு கூத்து. அந்த ரெண்டு பேரும் வண்டியை உடைக்காம தள்ளிட்டுப் போயிருந்தா அது திருட்டு, 3 வருஷம் வரை. திருடின வண்டியாவது திரும்பக் கிடைக்க வழி உண்டு. நசுங்கின பெட்டி?

பொருளோட விலையைப் பார்க்காம சட்டத்தால யோசிக்க முடியாதான்னா, பேஷா முடியும். விவசாயத்துக்குப் போற தண்ணியைக் குறைச்சா 5 வருஷம் வரை, அங்கே ரூபாய்க் கணக்கே கிடையாது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுப்படி, கடன் குடுத்தவன் கேஸ் ஜெயிச்சாலும் கைத்தொழிலாளியோட கருவிகளை ஜப்தி பண்ண முடியாது. பிழைப்பு போயிடும்னு வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. கோர்ட்டே தொடக் கூடாத உளியை ஒரு குடிகாரன் உடைச்சா மட்டும் அது சில்லறை விஷயமா? பிழைப்புக் கருவியை உடைச்சா விலை என்னவானாலும் போலீஸே விசாரிக்கணும்னு ஒரு வரி சேர்த்திருக்கலாமே.

தமிழ்நாட்டுல 1992-ம் வருஷத்து சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கேன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. இருக்கு. 100 ரூபாய் சேதத்துக்கே குறைந்தது 1 வருஷம். 1994-ல திருத்தி தனியார் சொத்தையும் அதுல சேர்த்தாங்க. ரெண்டாவது தடவை ஸ்டேஷன் போனப்ப இதைக் கேட்டேன். "அதெல்லாம் பஸ் கண்ணாடி உடைக்கிறதுக்கு சார்"னு பதில். சட்டத்துல பஸ்ஸுன்னு எங்கேயும் எழுதலைன்னு சொன்னேன். அய்யா வந்ததும் பேசுங்கன்னாங்க. அய்யா இன்னும் வரலை.

நேத்து சாயங்காலம் இஸ்திரிக்காரர் வீட்டுக்கே வந்திருந்தார். கேஸ் பத்தித்தான் கேக்கப் போறார்னு நினைச்சேன். சாக்கடையில போன என்னோட ரெண்டு சட்டைக்கும் எவ்வளவு தரணும்னு கேக்க வந்திருக்கார்.