பெர்த்தாம் ஆற்றில் ஓடும் நிலத்தடி நீர்

மழை விட்டுப் பத்து நாளான பிறகும் பெர்த்தாம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மழை நாளில் புரண்டோடிய நீர் எப்போதோ போய்விட்டது. இப்போது ஓடுவது, மலைச்சரிவின் மண்ணிலும் கருங்கல் பாறையின் வெடிப்புகளிலும் இறங்கி, மெல்ல நகர்ந்து, ஊற்றாகக் கசியும் நிலத்தடி நீர்.

பள்ளியில் மேற்பரப்பு நீரையும் நிலத்தடி நீரையும் தனித்தனியாகப் படித்தோம். முன்னது வேகமாக ஓடும். சேற்றையும் உரத்தையும் அள்ளி வரும். பின்னது மெதுவாக நகரும். மண் அதை வடிகட்டிவிடும். வேறுபாடு சரிதான். ஆனால், எந்த மழைத்துளி எதுவாகும் என்பதைத் தீர்மானிப்பது தரை. காட்டில் சருகும் வேரும் நீரை உள்ளே இழுக்கின்றன. நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடியும் ஓரளவு காக்கும். காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரையோ ஒரு சொட்டையும் இறங்க விடாது. அவ்வளவு நீரும் வாய்க்காலில் பாய்ந்து, வழியிலுள்ள மண்ணை அறுத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது.

ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை இதற்குச் சாட்சி. தெலோம் ஆற்று நீரையும் சேர்த்துக்கொண்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மின்சாரத்துக்காக அனுப்பும் அணை அது. (பகாங்கில் பெய்த மழை பேராக்கில் விசையாழியைச் சுற்றுகிறது!) 80 ஆண்டுகள் தாங்கும் என்று கணக்கிட்ட நீர்த்தேக்கத்தில், நினைத்ததைவிடப் பல மடங்கு வேகமாக வண்டல் சேர்ந்தது. சேறு பிடித்துக்கொண்ட இடத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையால் அணை திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள லெம்பா பெர்த்தாமில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின.

தூர்வார வேண்டும்தான். ஆனால், சேறு புறப்படும் இடத்தை விட்டுவிட்டு, அது வந்து சேரும் இடத்தில் மட்டும் வாரிக்கொண்டிருந்தால் எப்போது முடியும்? கூரை நீரைத் தேக்கும் தொட்டியை ஒவ்வொரு தோட்டத்துக்கும் நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் கருத்து. கசிவுக் குழிகளைச் சமதரையில் மட்டுமே தோண்டலாம். செங்குத்துச் சரிவில் தோண்டினால் நிலச்சரிவுக்கு நாமே வழி வெட்டியதாகும். ஆற்றோரத்தில் ஒரு பட்டை நிலத்தையாவது புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிட வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்று தோட்டக்காரர்கள் கேட்பது நியாயமே. அரசு பங்கு போடட்டும். ஆனால், பிப்ரவரியில் ஓடை இளைத்து, நீங்கள் மேலிருந்து இழுத்த குழாயில் காற்று வரும்போது, கூரையிலிருந்து போன ஆண்டு எவ்வளவு நீரை ஆற்றுக்கு விரட்டினோம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.