பிறர் மூச்சுக்குப் பொறுப்பேற்கும் தொழில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஸ்கூபா கற்பிப்போர் பெருகியபின், தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதி இளைஞர் சிலருக்கு அதனைச் சார்ந்த வேலைகளும் கிடைத்து வருகின்றன. அத்தகைய இளைஞர் ஒருவரின் தந்தை அண்மையில் ஒரு மார்க்கக் கேள்வியுடன் வந்தார். மகன், நீரில் மூழ்குவோர் வாயில் கவ்வும் ரெகுலேட்டரை வீட்டிலேயே பிரித்து, துப்புரவு செய்து, உதிரிகளை மாற்றிப் பூட்டித் தருகிறார். காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். இந்த வருவாய் ஹலாலா?

தொழில் ஹலால்தான். ஆனால் எந்தத் தகுதியுடன், யாருடைய கருவியில் அதனைச் செய்கிறோம் என்பதற்கும் மார்க்கத்தில் சட்டம் உண்டு. அதைச் சொல்லுமுன் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

இதற்கு நெருங்கிய உறவான ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. 1943ஆம் ஆண்டு பிரான்ஸில் ழாக் கூஸ்தோவுடன் சேர்ந்து ஸ்கூபா ரெகுலேட்டரை உருவாக்கிய எமில் காஞான், போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவால் ஓடிய மோட்டார் வண்டிகளுக்கு வாயுவை அளவாகச் செலுத்தும் வால்வு ஒன்றை ஏற்கெனவே அமைத்திருந்தவர். அதுவே நீருக்கடியில் மூச்சுக்கருவியாயிற்று. 14.2 கிலோ சமையல் சிலிண்டரின் மேல் நாம் பொருத்தும் ரெகுலேட்டரும் அதே இனம்தான். அது கெட்டுப்போனால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. விநியோகஸ்தரிடம் கொடுத்து மாற்றிக்கொள்கிறோம்.

ஸ்கூபா சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். முதல் நிலை அதனைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் மட்டும் மிகுதியாகும்படி குறைக்கிறது. வாயிலுள்ள இரண்டாம் நிலையில், மூச்சை இழுக்கும்போது ஒரு மெல்லிய டயஃப்ரம் உள்வாங்கி நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. பித்தளை, ரப்பர், சிறு சுருள்வில், இவ்வளவே! பொறுமையும் கைத்திறனும் உள்ள ஒருவர் மேசையில் பரப்பிப் பூட்டிவிடக் கூடியதுதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எளிதாகத் தோன்றுவதால் துணிவு வந்துவிடுகிறது.

உப்புப் படிவத்தை நீர்த்த வினிகரில் ஊறவைத்துப் போக்கலாம். ஆனால் பழைய ஓ-ரிங்கைக் கூரிய எஃகு ஊசியால் கிளப்பினால் அது அமரும் பள்ளத்தில் கீறல் விழும். புது ஓ-ரிங் போட்டாலும் கசியும். உயர் அழுத்த வால்வு அமரும் இருக்கையில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தழும்பு இருந்தாலும் அழுத்தம் ஓரிடத்தில் நிற்காது. அளவுமானியைப் பொருத்திப் பார்த்தால் முள் அசையாமல் நிற்பதற்குப் பதில் மெல்ல மெல்ல மேலேறும். அந்த மானி இல்லாமல் இவ்வேலையில் இறங்குவது, தராசு இல்லாமல் தங்கம் விற்பதைப் போன்றது. ஆக்சிஜன் மிகுந்த கலவைக்குப் பயன்படும் கருவியில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பார்கள். (ஜும்ஆ நேரத்தில் அங்கே நிற்பது பற்றிப் பிறகொரு முறை எழுதுகிறேன்.) ஆனால் பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும் ரப்பர் வளையம் ஒரே தரத்தது ஆகிவிடாது. இது அங்கே வாங்கக் கூடிய பொருளன்று.

மேசையில் தவறு நேர்ந்தால் சீறும் ஒலி கேட்கும், மீண்டும் பிரிக்கலாம். இருபது மீட்டர் ஆழத்திலோ அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. அங்கே காற்று தடைப்பட்டவர் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே விரைந்தால், நுரையீரலிலுள்ள காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும்.

நம்மவரிடையே ஒரு குறை உண்டு. கைத்தொழில் செய்யும் பிள்ளையைக் குறித்துச் சற்றுத் தாழ்வாகவே பேசுகிறோம். தாவூத் (அலை) அவர்கள் தம் கைகளால் உழைத்து உண்டதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது எது? உயிர்காக்கும் போர்க்கவசம். இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், அக்கவசத்தின் வளையங்களை அளவோடு பொருத்துமாறும் கட்டளையிட்டதை ஸபா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஒரு நபியின் தொழிலுக்கே அளவு விதிக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பொறுப்பு. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே அதற்கு ஈடு செய்ய வேண்டியவர் என்ற கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை விரித்துப் பேசியிருக்கிறார்கள்: தகுதியுடையவர், தொழிலின் வரம்பை மீறாமல் செய்தும் தீங்கு நேர்ந்தால் ஒரு நிலை, தகுதியற்றவர் துணிந்து கைவைத்தால் வேறு நிலை. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றாக இருக்கையில், மூச்சுக்கருவியை மருத்துவத்தோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. “நல்லெண்ணத்தில் செய்தேன்” என்பது மறுமையில் பாவத்தைக் குறைக்கலாம். இழந்தவர் குடும்பத்துக்குரிய ஈட்டை நீக்காது.

ஆகவே நான் கூறியது இது. தம் சொந்தக் கருவியைப் பழுதுபார்க்கக் கற்பது நல்லது. உதிரிகளையும் கையேடுகளையும் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே என்று சில நிறுவனங்கள் பூட்டி வைப்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. தன் மூச்சு என்பதால் அவசரப்படாமல் செய்பவர், வரிசையில் பத்துக் கருவி காத்திருக்கும் கடைக்காரரைவிட நன்றாகவே செய்யக்கூடும். அப்படிச் செய்தவரும் உடனே ஆழத்துக்குப் போகாமல், ஆழமற்ற நீரில், துணையோடு சோதிக்கட்டும், தன்னுயிரும் அமானிதமே. பிறர் கருவியை ஏற்பதென்றால் அந்தந்த மாதிரிக்குரிய முறையான பயிற்சி வேண்டும்; அசல் உதிரி வேண்டும்; மாற்றியது எது, அளவுமானி காட்டியது எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். பயிற்சி பெறும்வரை கூலி வாங்காமல் செய்து கொடுப்பதும் கூடாது. இலவசம் என்பதால் வால்வு ஒழுங்காக மூடிக்கொள்ளாது.

இதனை ஸ்கூபா என்னும் பொழுதுபோக்கோடு நிறுத்திவிட மனம் வரவில்லை. கீழக்கரை முதல் தூத்துக்குடி வரை முத்தும் சங்கும் குளித்தவர்களில் நம் முன்னோர் பலர். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. மூச்சடக்கி இறங்கிய காலம் போய், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த எஞ்சினின் புகை காற்று உறிஞ்சும் வாய்க்குள் புகுந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு நேரே குளிப்பவரின் நெஞ்சுக்குப் போகும். மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. உறிஞ்சு குழாயைப் புகைபோக்கிக்கு எட்டத்தில், காற்று வரும் திசையில் உயர்த்திக் கட்ட அதிகச் செலவில்லை. கடலோர மஹல்லாக்களின் உலமாக்கள் ஜும்ஆ பயானில் ஒரு முறையேனும் இதனைப் படகு உரிமையாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வஸ்ஸலாம்.