பாட்டில் ஊற்றினால் போதுமா?

நம் சங்கத்துப் பொங்கல் விழா முடிந்து, இலைச் சாப்பாடும் முடிந்து, ஹாலுக்கு வெளியே கார்கள் நின்ற இடத்தில் ஆரம்பித்த பேச்சு இது. நண்பர் ஒருவர் டிக்கியைத் திறந்து கைக்கு அடக்கமான ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "சார், நீங்க டீசல் ஷெட்டிலேயே காலம் தள்ளினவர். இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் இன்ஜெக்டர் கிளீனர்னு 600 ரூபாய் பில்லுல சேக்கறான். போதாததுக்கு இதையும் ஒண்ணு வாங்கிக்கச் சொல்றான். பிரயோஜனம் உண்டா?" என்றார். பக்கத்தில் நின்றவர்களில் மூன்று பேர் தாங்களும் அதே பில் கட்டியதாகச் சொன்னார்கள். அதற்குள் குழு போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

மருந்து பொய்யல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜெக்டர் என்பது ஒரு மின்சார வால்வு. கம்ப்யூட்டர் திறக்கச் சொன்னால் திறந்து, மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலைத் தூவும். வண்டி ஓடும்போது அதில் அழுக்கு சேர்வது குறைவு. சூடாக ஓடிய எஞ்சினை நிறுத்திய பிறகுதான் வினை. நுனியில் தங்கிய துளிப் பெட்ரோல் அந்தச் சூட்டில் ஆவியாகி, கனமான பகுதி மட்டும் ஒட்டிக்கொள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஏடு தீய்வது போலத்தான். தினமும் இரண்டு கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று நின்று நின்று ஓடும் வண்டிகளுக்கு இது அதிகம்.

அமெரிக்காவில் 1980-களில் இந்த அடைப்புத் தொல்லை பெரிதாகி, 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் கழுவும் மருந்து கலந்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கும் மேலான தரம் வேண்டுமென்று 2004-ல் சில கார் கம்பெனிகள் சேர்ந்து 'டாப் டயர்' என்று ஒன்றை ஏற்படுத்தின. அங்குள்ள வாகன ஓட்டிகளின் சங்கம் 2016-ல் சோதித்தபோது, அந்தத் தரம் இல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டது. ஆகவே மருந்து வேலை செய்கிறது. பாட்டில்களில் நல்லது பாலிஈதர்அமைன் என்ற சரக்கு உள்ளது. லேபிளில் அந்தப் பெயரோ, சுருக்கமாகப் பி.ஈ.ஏ. என்றோ போட்டிருக்கும். ஒன்றுமே போடாமல் பளபளவென்று படம் மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

இனி என் சொந்த வெட்கக் கதைக்கு வருகிறேன். 2022 மே மாதம் நாக்பூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, மேடு ஏறும்போது வண்டி திக்கித் திக்கிப் போகுது. ஊருக்குப் போறதுக்குள்ள காட்டணுமா?" 2014-ல் வாங்கிய பெட்ரோல் கார், 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. நான் இருந்த இடத்திலிருந்தே, "இன்ஜெக்டர் அழுக்காயிருக்கும் மாப்பிள்ளை, ஒரு பாட்டில் ஊத்தி ஓட்டிப் பாருங்க" என்றேன். ஊற்றினார். இரண்டு நாள் பரவாயில்லை போலத் தெரிந்தது. பெண், பேத்தி, சம்பந்தி அம்மா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

அதிலாபாத் தாண்டி இரவு பத்து மணிக்கு எஞ்சின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அணையாமல் எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, உடனே நிறுத்து என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லி வைக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே நிர்மல் வரை ஓட்டியிருக்கிறார். மறுநாள் காலை அங்கே ஒரு சின்னப் பட்டறையில் தெலுங்குப் பையன் ஒருவன், மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினான். கோளாறும் கூடவே முதல் சிலிண்டருக்கு மாறியது. முடிந்தது, காயில்தான் போயிருக்கிறது. பத்து நிமிஷ வேலை. இன்ஜெக்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைச் சுட்டுக் கெடுத்துவிட்டது. ஊர் திரும்பியபின் அதை மாற்ற 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. முகூர்த்தம் தப்பியது தனி. சம்பந்தி அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் டிப்ளமா முடித்து இடார்சி டீசல் ஷெட்டில் சேர்ந்த காலத்தில் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள்தான் ராஜா. 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பம்பு, தனி இன்ஜெக்டர். கெடு வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் ஸ்டாண்டில் மாட்டிக் கைப்பிடியை அடிப்போம். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் பூப்போல விரிகிறதா, மூடியபின் சொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எங்கள் போர்மன் ஒரு உத்தரப் பிரதேசத்துக்காரர். "பஹலே தேகோ, ஃபிர் கோலோ" என்பார். முதலில் பார், பிறகு திற. அவரிடம் அத்தனை வருஷம் வேலை பார்த்தவன் டெலிபோனிலேயே வைத்தியம் பார்த்தேன்!

காரிலும் பார்த்துவிட்டு ஊற்ற முடியும். 2013-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கும். மெக்கானிக்கிடம் 'ஃபியூயல் டிரிம்' எவ்வளவு என்று கேளுங்கள். புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து, பெட்ரோல் போதவில்லை என்று கண்டால் கம்ப்யூட்டர் தானே கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டல் கழித்தல் கணக்குதான் அது. ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் எந்தப் பாட்டிலும் வேண்டாம். பத்தைத் தாண்டிக் கூட்டியிருந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். காற்றுக் கசிவு, பெட்ரோல் பம்பு ஆகியவற்றையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

இப்போது பலரும் பாட்டில் வாங்குவது மைலேஜ் குறைந்ததால்தான். "லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 15 தருது சார்" என்கிறார்கள். இதற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்று பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்பசக்தி குறைவு. 20-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறு, ஏழு சதவீதம். 16 என்பது 15 ஆவது அந்தக் கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. இல்லாத வெப்பத்தை எந்தப் பாட்டிலாலும் உண்டாக்க முடியாது. 600 ரூபாயை அதற்குப் பெட்ரோலாகவே போட்டுக்கொள்ளலாம்.

பம்பில் விற்கும் உயர்ந்த ரகப் பெட்ரோலிலேயே கழுவும் மருந்து கலந்திருக்கிறது. அதையே தொடர்ந்து போடுபவருக்குப் பாட்டில் இரட்டைச் செலவு. ஆக்டேன் எண் அதிகம் என்பது மட்டும் கழுவாது, அது வேறு சமாச்சாரம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தூவும் புது வகை டர்போ எஞ்சின்களில், உள்வால்வின் முதுகில் கரி படியும். பெட்ரோல் அந்தப் பக்கமே போகாததால் மருந்தும் போகாது. அதைத் திறந்துதான் சுரண்ட வேண்டும். டீசல் வண்டிக்கு டீசலுக்கென்று உள்ளதைத்தான் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு யாருக்குத்தான் ஊற்றலாம்? சாதாரணப் பெட்ரோலில், ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடி, 50, 60 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு வருஷத்துக்கு ஒன்று. நம் பெரியவர்கள் பலரின் வண்டிகள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு மட்டும் வெளியே வருகின்றனவே, அவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆயில் மாற்றுவதற்கு முந்தின டாங்கியில் ஊற்றி, நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். மருந்தில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும், அதனால்தான் அந்த வரிசை. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு, வேண்டாம் என்று ஜாப் கார்டில் கையெழுத்துக்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். பில் வந்தபின் வாதாடிப் பிரயோஜனமில்லை.

பாட்டில் காட்டிய நண்பரின் வண்டிக்கு போன வாரம் ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம். டிரிம் இரண்டு சதவீதம். ஏர் பில்டரைத் திறந்தால் உள்ளே வேப்பிலைச் சருகும் ஒரு கைப்பிடி மண்ணும். 350 ரூபாய்க்குப் புது பில்டர் மாட்டியிருக்கிறார். பாட்டில் இன்னும் டிக்கியிலேயே இருக்கிறது.