கழன்று விழுந்த சக்கரம்

ஊரிலுள்ள பெரியோருக்கு உடல் நலமில்லை என்று செய்தி வந்தால், முன்பெல்லாம் இரயிலேறினோம்; இப்போது ஆகாய விமானத்தையும் நாடுகிறோம். விமானம் மேலெழும்பிய சிறிது நேரத்தில் அடியில் 'தட்' என்றோர் ஓசை கேட்பதுண்டு. சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை அது. இறங்கும் வேளையில் அவை மீண்டும் வெளிவந்து நம்மைத் தாங்கும் என்பதில் நமக்கு ஐயம் எழுவதேயில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி நாகபுரியில் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று. பீச்கிராஃப்ட் வகைச் சிறு விமானமொன்று நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஐதராபாத் நோக்கிப் புறப்பட்டது. உடன் ஒரு மருத்துவர், ஓர் உறவினர், விமானிகள் இருவர், ஆக ஐவர். தரையை விட்டு எழும்போது சக்கரமொன்று கழன்று வீழ்ந்தது.

இத்தகைய விமானங்களில், சக்கரங்களின் நிலையை விமானிக்கு அறிவிப்பவை பொதுவாக மூன்று பச்சை விளக்குகளே. கால்கள் நீண்டு பூட்டிக்கொண்டன என்பதை அவை சொல்லும். காலின் நுனியில் சக்கரம் உண்டா, இல்லையா என்பதைச் சொல்லமாட்டா.

நல்வினைப் பயனாக, நிலையத்தில் காவலிருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் ஒருவர் சக்கரம் வீழ்வதைக் கண்டார். கண்டதை உடனே தெரிவித்தார். விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. ஒருபுறம் மட்டும் சக்கரமிருக்க இறங்கினால், விமானம் சாய்ந்து பாதையை விட்டு விலகக்கூடும். ஆகவே சக்கரங்களை நீட்டாமல், வயிற்றால் சறுக்கி இறங்கத் துணிந்தார் விமானி. உராய்வினால் தீ மூளாதிருக்க ஓடுபாதையில் நுரை பரப்பப்பட்டது. அன்றிரவு விமானம் நுரைமீது சறுக்கி நின்றது. நோயாளி உட்பட ஐவரும் உயிர் தப்பினர்.

விமானியின் திறம் போற்றத்தக்கதே. ஆயினும் அத்திறம் பயன்படுவதற்கு வேண்டிய அவகாசத்தை அளித்தவர் தரையில் நின்ற காவலர். 'நமக்கேன் வம்பு' என்றோ, 'வேறு யாரேனும் சொல்லியிருப்பார்கள்' என்றோ அவர் வாளாவிருந்திருப்பின், விமானிகள் ஏதுமறியாமலே ஐதராபாத்தில் இறங்க முற்பட்டிருக்கக் கூடும்.

இரயில் பெட்டியில் தளர்ந்த கதவையும், நம் குடியிருப்பின் மாடிப்படியில் அறுந்து தொங்கும் மின்கம்பியையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். கண்டதோடு அமையாமல், உரியவரிடம் அன்றே சொல்லிவிடுவோமாக.